பிராசஸர் எத்தனை டிகிரி வரை சூடாகலாம்? அந்தச் சூட்டை வெளியேற்றுவது எப்படி?

கணினியின் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள் ஒன்றை நிறுவித் திறந்தால், பிராசஸருக்கு நேரே 82 டிகிரி என்று இருக்கிறது. இது ஆபத்தா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அது எந்த பிராசஸர், அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, அறை எவ்வளவு சூடாக இருந்தது என்ற மூன்றும் தெரிய வேண்டும். வீடியோ ஒன்றை எடிட் செய்து ரெண்டர் பண்ணும்போது 82 என்றால் கவலையில்லை. எந்த மென்பொருளும் திறக்காமல் டெஸ்க்டாப் திரை மட்டும் தெரியும்போது 82 என்றால் எங்கோ ஏதோ கழன்றிருக்கிறது, அல்லது ஒரு விசிறி நின்றுபோயிருக்கிறது. (இக்கட்டுரையில் வரும் டிகிரி எல்லாமே செல்சியஸ்.)

சூடு ஏன் வருகிறது

பிராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதுமே கடைசியில் வெப்பமாகிவிடுகிறது. 100 வாட் உள்ளே போனால் 100 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். சிக்கல் அளவில் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களில் எட்டு கோர்கள் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) அடங்கிய சிலிக்கான் துண்டின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அத்தனை வெப்பத்தையும் இழுத்து வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. பிரவுசரைத் திறந்த கணத்திலேயே வெப்பநிலை 10, 15 டிகிரி குதித்துவிட்டு உடனே இறங்குவதற்கும் இதுவே காரணம். புதிதாகப் பார்ப்பவர்களை மிகவும் பயமுறுத்துவது இந்தத் துள்ளல்தான். அதில் கோளாறு எதுவும் இல்லை.

வெப்பத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: பிராசஸர் ஓடும் வேகம், அதற்குக் கொடுக்கப்படும் வோல்டேஜ். வேகம் கூடினால் மின்செலவு அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினாலோ அதன் வர்க்க விகிதத்தில் கூடும். 1.3 வோல்ட்டில் ஓடுவதை அதே வேகத்தில் 1.2 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், 8 சதவீத வோல்டேஜ் குறைப்புக்கு ஏறத்தாழ 15 சதவீத வெப்பம் குறையும். பின்னால் அமைப்புகளை மாற்றும்போது இந்தக் கணக்கு உதவும்.

எது எல்லை

ஒவ்வொரு பிராசஸருக்கும் அதைச் செய்த நிறுவனமே உச்ச வெப்பநிலை ஒன்றை நிர்ணயித்திருக்கிறது. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் கோர் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 100 டிகிரி. கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு 105. ஏஎம்டியில் ரைசன் 7 5800எக்ஸ், ரைசன் 9 5900எக்ஸ் போன்றவற்றுக்கு 90. ரைசன் 7000, 9000 வரிசைகளில் பொதுவாக 95. விளையாட்டுக்காகப் பலர் வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89. உங்களுடையதன் சரியான எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்திலேயே பார்த்துவிடலாம். வேறு யாருடைய பிராசஸருக்கோ சொன்ன எண்ணை வைத்து உங்களுடையதை எடைபோடாதீர்கள்.

அந்த எல்லையைத் தொட்டதும் பிராசஸர் எரிந்துவிடாது. தானாகவே வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொண்டு எல்லைக்குள் நிற்கப் பார்க்கும். இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். குறைத்தும் வெப்பம் அடங்காமல் இன்னும் ஏறினால் கணினி சட்டென்று அணைந்துவிடும். ஆகவே கூலர் (பிராசஸரின் மேல் மாட்டும் குளிர்விப்பான்) சரியில்லாத கணினியில் முதலில் பறிபோவது வேகம். விளையாட்டு இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கித் திணறும். கேபினெட்டுக்குள் தொடர்ந்து சூடு தேங்கினால் பக்கத்தில் இருக்கும் பாகங்களும் சேர்ந்து அவதிப்படும். மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் மின்பகு கெபாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வெகுகாலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு.

அன்றாடப் புழக்கத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது அறை வெப்பத்தைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. ரைசன்களில் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தாலும் தவறில்லை. விளையாட்டில் 60 முதல் 80. எல்லாக் கோர்களும் முழுவீச்சில் ஓடும்போது 75 முதல் 90. எல்லைக்கு 5 டிகிரி அருகிலேயே தொடர்ந்து நிற்கிறது, அதோடு வேகமும் இறங்குகிறது என்றால் அப்போது கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. ரைசன் 7000 வரிசையின் உயர்ரகங்கள் முழுச்சுமையில் 95 டிகிரி வரை ஏறும்படியே வடிவமைக்கப்பட்டவை. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மிச்சமிருக்கும் இடத்தை வேகமாக மாற்றிக்கொண்டு மறுபடி 95-க்கே போகும். ரைசன் 9 7950எக்ஸ் ரெண்டரிங்கில் 95 காட்டினால் அது வேலை செய்கிறது என்றுதான் பொருள். ஆனால் 65 வாட் வகையான ரைசன் 5 7600 சாதாரண வேலையிலேயே 95 காட்டினால் அது கோளாறு. எண் ஒன்றுதான், பொருள் வேறு.

அறையின் சூட்டையும் கணக்கில் சேருங்கள். கூலரால் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அறைக்கும் பிராசஸருக்கும் உள்ள இடைவெளியைத்தான் அது குறைக்கிறது. அறை 25 டிகிரியாக இருந்தபோது 70 காட்டிய கணினி, அறை 35 ஆகும்போது அதே வேலையில் ஏறத்தாழ 80 காட்டும். கோடையில் கூடிய 10 டிகிரிக்காகக் கூலரை மாற்றிப் பயனில்லை. அளவு எடுக்கும்போதெல்லாம் அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், இரண்டையும் கழித்து வரும் வித்தியாசத்தையே ஒப்பிடுங்கள்.

சரியாக அளப்பது

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தைக் காட்டும், பிராசஸருடையதைக் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு போதும். பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வெப்பநிலைகள் வரிசையாக வரும். இன்டெல் என்றால் 'சிபியு பேக்கேஜ்', ஏஎம்டி என்றால் 'டிசிடிஎல்/டிடை' என்ற வரியைப் பாருங்கள். மதர்போர்டு பகுதியில் ஏதாவது ஒன்று 127 டிகிரி என்று அசையாமல் நின்றால், அந்த இடத்தில் சென்சாரே இணைக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் தெரியும் வெப்பநிலையை 'சும்மா இருக்கும்போதைய' அளவாகக் கொள்ளாதீர்கள். மின்சேமிப்பு வசதிகள் பலவும் இயங்குதளம் வந்த பிறகே முழுமையாக வேலை செய்யும் என்பதால் பயாஸில் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். கணினியை இயக்கி, எல்லா மென்பொருளையும் மூடிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு முதல் அளவு. பிறகு சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை எல்லாக் கோர்களிலும் பத்து நிமிடம் ஓட்டி இரண்டாவது. நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டையோ செய்யும் வேலையையோ அரைமணி நேரம் நடத்தி மூன்றாவது. ஒவ்வொன்றிலும் உச்ச வெப்பநிலை, வேகம், பிராசஸர் எடுத்த வாட் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டைக் குறிக்கத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 60 வாட்டில் 90 டிகிரி என்பதும் 230 வாட்டில் 90 டிகிரி என்பதும் முற்றிலும் வேறு வேறு நிலைமைகள். பிரைம்95 என்ற இன்னொரு மென்பொருளின் மிகக் கடுமையான சோதனை அன்றாட வேலை எதிலும் வராத சூட்டைக் கிளப்பும். ஓவர்க்ளாக் செய்யாதவர்களுக்கு (பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டாதவர்களுக்கு) அது தேவையில்லை.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

வெப்பம் ஒரு வழித்தடத்தில் பயணம் செய்கிறது: சிலிக்கானிலிருந்து பிராசஸரின் உலோக மூடிக்கு, அங்கிருந்து இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் என்ற பசை வழியாகக் கூலரின் அடித்தட்டுக்கு, ஹீட் பைப் எனும் வெப்பம் கடத்தும் குழாய் வழியாகத் தகடுகளுக்கு, விசிறிக் காற்றுக்கு, கேபினெட்டுக்கு வெளியே அறைக்கு. வாய்க்காலில் எந்த இடத்தில் அடைத்தாலும் அதற்கு மேற்புறம்தான் நீர் ஏறும். இங்கும் அடைப்பு எந்த இடத்தில் இருந்தாலும் சூடு பிராசஸரில்தான் ஏறித் தெரிகிறது. அதனால்தான் காரணம் தெரியாமல் பேஸ்டை மாற்றுவது, புது விசிறி வாங்குவது, கடைசியில் கூலரையே மாற்றுவது என்று செலவு நீள்கிறது. வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்பதைப் பார்த்தாலே அடைப்பு எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சோதனையைத் தொடங்கிய ஓரிரு நொடிகளிலேயே எல்லையைத் தொடுகிறது, வாட்டும் அதிகமில்லை என்றால் பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே தொடர்பு சரியில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், திருகு ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம், புதுக் கணினியானால் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது கேட்க விசித்திரமாக இருந்தாலும் அடிக்கடி நடப்பதுதான். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்று மதர்போர்டின் பின்பக்கம் முழுதாக வெளியே வராமல் நிற்பது இதன் இன்னொரு வடிவம்.

முதலில் 70-இல் நின்று, பதினைந்து இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல 85, 90 என்று ஏறுகிறதா? அப்படியானால் கேபினெட்டுக்குள் சூடான காற்று தேங்குகிறது. உறுதிசெய்ய எளிய வழி: பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை காற்றோட்டத்தில். 1, 2 டிகிரி மட்டுமே வித்தியாசம் என்றால் கேபினெட்டைக் குறைசொல்ல ஏதுமில்லை, கூலரைப் பாருங்கள்.

தொடர்பும் சரி, காற்றோட்டமும் சரி, சூடு மட்டும் நிற்கவில்லை என்றால் கூலரின் திறனைவிட பிராசஸரின் மின்செலவு கூடுதலாக இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பிக் கூலர் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 125 வாட் என்று குறிக்கப்படும் கோர் ஐ9-13900கே-வின் உச்ச மின்செலவு 253 வாட். 170 வாட் என்று வரும் 7950எக்ஸ் 230 வரை போகும். 65 வாட் 7600-உம் 88 வரை எடுக்கும்.

தெர்மல் பேஸ்ட்

இரண்டு உலோகப் பரப்புகள் வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இடையே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று நிற்கும். வெப்பத்தைக் கடத்துவதில் காற்றின் மதிப்பு 0.026 என்றால், நல்ல பேஸ்டுகளுடையது 4 முதல் 12 வரை, செம்புடையது ஏறத்தாழ 400. செம்போடு பார்த்தால் பேஸ்ட் மிகமிக மோசமான கடத்தி. எனவே அது பள்ளத்தை நிரப்பினால் போதும், தடித்த அடுக்காக நிற்கக் கூடாது.

மாற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்டை இளகச் செய்யுங்கள். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) நேராக இழுத்தால் ஒட்டியிருக்கும் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துபோகும். பழைய பேஸ்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் இரு பரப்பிலும் துடைத்து, முழுதாக உலரவிடுங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் பிராசஸருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். ஒருமுறை வைத்த கூலரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைக்காதீர்கள், இடையில் காற்றுக் குமிழி சிக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து உட்காரும். பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கினால் மின்கடத்தாப் பேஸ்டில் ஆபத்தில்லை. திரவ உலோகம் எனப்படும் லிக்விட் மெட்டல் வேறு கதை: அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

காற்றோட்டமும் விசிறியும்

முன்பக்கம் அல்லது கீழே குளிர்ந்த காற்று உள்ளே, பின்பக்கமும் மேலேயும் சூடான காற்று வெளியே. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என 120 மில்லிமீட்டர் விசிறிகள் இருந்தால் பெரும்பாலான கணினிகளுக்குப் போதும். விசிறியின் எந்தப் பக்கம் குறுக்குச் சட்டங்கள் தெரிகிறதோ அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும். வாங்கிய கணினியாக இருந்தாலும் ஒருமுறை இதைச் சரிபாருங்கள், தலைகீழாக மாட்டிய விசிறிகள் அபூர்வமல்ல. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்று மிகுந்திருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினெட் அழகாக இருக்கும், மூச்சுத் திணறும். வலைப்பின்னல் முகப்பு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவாவது இடம் இருக்கட்டும். கதவு வைத்த மேசை அறைக்குள் கணினியை வைத்தால் மற்ற எதைச் சரிசெய்தும் பலனில்லை.

பிராசஸர் விசிறியின் கம்பி மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று குறித்த இடத்தில் இருக்க வேண்டும். பயாஸில் விசிறி வேகத்தை நீங்களே வரையலாம்: 50 டிகிரி வரை 30 சதவீதம், 65-இல் 50, 75-இல் 75, 85-இல் முழு வேகம் என்பது நல்ல தொடக்கம். விசிறி நொடிக்கு நொடி ஏறி இறங்கிச் சீறினால், அதே பக்கத்தில் இருக்கும் தாமத நேரத்தை 3 முதல் 5 நொடி என்று வையுங்கள். முன்பு சொன்ன துள்ளலுக்கெல்லாம் விசிறி எதிர்வினை காட்டாது.

பம்ப் மூலம் திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் நீர்க்கூலர் வைத்திருப்பவர்கள் இரண்டை மட்டும் பார்த்தால் போதும். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடட்டும். ரேடியேட்டரின் (அந்தத் திரவம் ஆறும் தகட்டுப் பகுதி) மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லையேல் உள்ளிருக்கும் காற்று பம்பில் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும், நாளடைவில் பம்பும் கெடும். சும்மா இருக்கும்போதே பிராசஸர் 80-ஐத் தாண்டுகிறது, ரேடியேட்டரோ தொட்டால் குளிர்ந்திருக்கிறது என்றால் பம்ப் நின்றுவிட்டது.

தூசியை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். கணினியை அணைத்து, இறகுகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றைச் சிறுசிறு வீச்சாக அடியுங்கள். காற்றுக் குப்பியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் திரவம் பீச்சும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கலாம்.

செலவில்லாமல் சூட்டைக் குறைப்பது

பல மதர்போர்டுகள் இன்டெல் பிராசஸர்களின் மின்செலவு வரம்பைத் தாமாகவே எடுத்துவிட்டு அனுப்பப்படுகின்றன. பயாஸில் நீண்டநேர வரம்பு 4096 வாட் என்பது போன்ற எண்ணைக் காட்டினால் வரம்பே இல்லை என்று பொருள். அதை 125-க்கோ, உங்கள் கூலர் தாங்கும் அளவுக்கோ கொண்டுவாருங்கள். விளையாட்டுகளில் வித்தியாசம் தெரிவதே அரிது. ஏஎம்டியில் இதே வேலையை 'எக்கோ மோட்' செய்கிறது. அதில் தேர்ச்சி வந்தபின் 'கர்வ் ஆப்டிமைசர்' வழியாக வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஒவ்வொரு படிக்குப் பின்னும் சில நாள் ஓட்டிப் பாருங்கள், காரணமின்றி ரீஸ்டார்ட் ஆனால் ஒரு படி பின்னே வாருங்கள்.

வெப்பத்தைவிட வோல்டேஜ்தான் சிலிக்கானுக்குப் பெரிய எதிரி. 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் சில நிலைகுலைந்ததற்குத் தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜே காரணம் என்று 2024-இல் இன்டெல் அறிவித்து, மைக்ரோகோடு (பயாஸ் வழியே பிராசஸருக்கு ஏற்றப்படும் உள்நிரல்) திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதக் காலத்தையும் நீட்டித்தது. அந்தத் தலைமுறை உங்களிடம் இருந்தால், வெப்பநிலை எவ்வளவு குளுமையாக இருந்தாலும் சரி, பயாஸை இன்றே புதுப்பியுங்கள்.

லேப்டாப் என்றால்

மேலே சொன்ன எண்களை லேப்டாப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. மெல்லிய உடலில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் ஒரே ஹீட் பைப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. கனமான வேலையில் 90, 95 என்று காட்டுவது பல மாடல்களில் சாதாரணம். கட்டில், தலையணை, மடி எல்லாமே அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை அடைக்கும். கெட்டியான தளத்தில் வைத்துப் பின்பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினாலே சில டிகிரி இறங்கும். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ வேகம் (தேவைப்படும்போது தானாக ஏறும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். கொஞ்சம் வேகம் போகும், சூடும் இரைச்சலும் அதைவிட அதிகமாகக் குறையும். எழுத்து வேலைக்கும் வீடியோ பார்க்கவும் அது தாராளம்.

சில ஆண்டுகள் ஆன லேப்டாப்பில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் திரை போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் போகும், எனவே அடிமூடியைத் திறந்தே எடுக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி எங்காவது புடைத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, சார்ஜ் போடாமல் பேட்டரியை மாற்றக் கொடுத்துவிடுங்கள்.